காவலூரும் ஃபோர்ட்ரானும்

ஜவ்வாது மலைக் காட்டுக்குள், சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர் வானோக்கு நிலையம். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கு 1977-இல் சான்று பதிவு செய்தவற்றில் இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. வானியலாளர் வைணு பாப்பு பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது.

விண்மீனின் ஒளியைப் படமெடுத்ததும் வேலை முடிந்துவிடாது. சிசிடி கருவியின் இரைச்சலை நீக்க வேண்டும், நிறமாலையின் ஒவ்வொரு கோடும் எந்த அலைநீளம் என்று கணக்கிட வேண்டும். 1980-களில் இதற்காகக் காவலூரில் வாக்ஸ் 11/780 கணினி இருந்தது. பிறகு இங்கும் உலகெங்கும் வானியலாளர்கள் பயன்படுத்தியது ஐராஃப் என்ற மென்பொருள். அமெரிக்காவின் கிட் பீக் வானோக்கு நிலையத்துக்காக 1980-களின் தொடக்கத்தில் உருவானது. இதற்கென்றே அமைத்த ஒரு தனி மொழியில் நிரலை எழுதினார்கள். அது ஃபோர்ட்ரான் மொழிக்கு மாற்றப்பட்ட பிறகே கணினியில் ஓடும்.

அன்றைய ஃபோர்ட்ரான் 77-இல், எண்களை வரிசையாக வைக்கும் அணியின் அளவை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வானியல் படமோ ஒவ்வொன்றும் ஓர் அளவு. ஐராஃபை எழுதியவர்கள் இதற்கு அபாரமான வழி கண்டார்கள். சிறிய அணி ஒன்றை அறிவித்துவிட்டு, அதன் எல்லைக்கு வெகுதூரம் வெளியே உள்ள எண்ணைக் கொடுத்து, இயக்க அமைப்பு ஒதுக்கிய நினைவகத்தைத் தொட்டார்கள். அந்த எண் 32 பிட்டுக்குள் அடங்கும் என்ற நம்பிக்கையில் நின்ற ஏற்பாடு அது. 64 பிட் கணினிகள் வந்தபோது நம்பிக்கை பொய்த்தது. லட்சக்கணக்கான வரிகளுக்குள் புகுந்து திருத்த வேண்டியிருந்தது. திருத்தியும் விட்டார்கள். ஆனால் ஐராஃபின் அந்தத் தனி மொழியைக் கற்று அடுத்து வந்து உட்கார ஆளில்லை. வானியலுக்கு வெளியே அதற்கு எந்த வேலையும் கிடையாது. பைத்தான் கற்ற மாணவருக்கோ ஆய்வும் உண்டு, பெங்களூரிலோ சென்னையிலோ வேலையும் உண்டு. 2011-இல் பைத்தானுக்கான வானியல் நூலகமான ஆஸ்ட்ரோபை தொடங்கியது. ஐராஃபை உருவாக்கிய நிறுவனத்தின் கடைசி வெளியீடு 2013-இல் வந்தது. அதன் பிறகு தன்னார்வலர்களும் அதைப் பராமரித்து வருகிறார்கள்.

வேகக் குறைவால்தான் பழைய மொழிகள் தோற்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். ஃபோர்ட்ரானைப் பொறுத்தவரை அது உண்மையே அல்ல. 1957-இல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு வெளியிட்ட மொழி இன்றும் எண்கணக்கில் முன்வரிசையில் நிற்கிறது. வானிலை மாதிரிகள் பல அதில்தான் ஓடுகின்றன. பைத்தானில் ஒரே வரியில் நாம் தீர்க்கும் அணிச் சமன்பாட்டுக்கு அடியிலும் பெரும்பாலும் லாபேக் நூலகம் இருக்கிறது. அதன் மூல நிரல் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. மொழிக்கு வயதாவது கற்க வருபவர் குறையும்போதுதான். கற்பவர் குறைந்தால் புதிய கருவிகள் வருவதில்லை. கருவி இல்லாத மொழியைக் கற்க மறுபடி யாரும் வருவதில்லை.

பல ஆண்டுகளாகச் சேர்ந்த அவதானிப்புகள், அவற்றைச் செப்பனிட்ட பழைய நிரல்கள் புரியும்வரைதான் முழுமையாகப் பயன்படும். வானியல் படிக்கப் போகிறவர்கள் பைத்தானிலேயே தொடங்குங்கள். ஃபோர்ட்ரானில் எழுதாவிட்டாலும் அதைப் படிக்கவாவது கற்றுக்கொள்ளுங்கள்.