முதலடி எடுத்துக் கொடுத்தல்

பழைய மாணவர் கூடுஞ் சபைகளிலே அடிக்கடி நிகழும் ஒரு காட்சி நமக்கெல்லாம் பழக்கமானது. குத்துவிளக்கு ஏற்றப்படுகின்றது. தலைவர் எழுந்து, "இப்பொழுது தேவாரம்" என்கின்றார். உடனே சபை மௌனமாகின்றது. வைத்தியர் பொறியியலாளரைப் பார்க்கின்றார். பொறியியலாளர் ஆசிரியரைப் பார்க்கின்றார். ஆசிரியர் நிலத்தைப் பார்க்கின்றார். இவர்களுள் எவரும் தேவாரம் அறியாதவரல்லர். வெள்ளிக்கிழமைதோறும் பிரார்த்தனை மண்டபத்திலே நூற்றுக்கணக்கானோருடன் சேர்ந்து பாடியவர்களே. ஒருவர் முதலடியைத் தொடங்கிவிட்டால் ஏனையோர் மனமுவந்து பாடுவர். தொடங்குவாரில்லாமையே குறை.

இது குரலின் குறையன்று, துணிவின் குறை என்பது எமது கருத்து. அத்துணிவும் பிறவியிலே சிலருக்கு மாத்திரம் வாய்ப்பதொன்றன்று. ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்து வளர்ப்பதாகும். திருவெண்ணெய்நல்லூரிலே ஆட்கொள்ளப்பெற்ற சுந்தரமூர்த்தி நாயனார், பாடுக எனப் பணிக்கப்பெற்றபொழுது, தாம் எதனை அறிந்து எதனைப் பாடுவது எனத் தயங்கி நின்றார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. முன்னே வழக்காடுகையில் தம்மை ஏசிய சொல்லையே முதலாகக் கொண்டு பாடும்படி இறைவன் சொன்ன பின்னரே பதிகம் பிறந்தது. அப்புராணத்தைப் பாடிய சேக்கிழாருக்கும் தில்லையிலே முதற்சொல் அருளப்பெற்றது என்பது மரபு. பெரியோர்க்கே அடியெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்ததாயின், பிரார்த்தனை மண்டபத்திலே கால் நடுங்க நிற்கும் சிறுவன் வெட்கப்பட யாது காரணமுண்டு?

எமது அனுபவம் ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். நாம் 13 வயதினராயிருந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தேவாரம் தொடங்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. பழகிய சுருதியிலே தொடங்கினோம். மேலே ஏறவேண்டிய இடத்திற் குரல் இரண்டாகப் பிளந்தது. மண்டபம் சிரித்தது. இனி ஒருபொழுதும் பாடுவதில்லை என்று அன்றே உறுதிசெய்துகொண்டோம். பண்ணிசை கற்பித்த ஆசிரியர் மாலையில் எம்மை அழைத்து, "தம்பி, குரல் போய்விடவில்லை. கீழே இறங்கி வருகிறது. அது வந்து சேரும்வரை நீ தாளம் போடு" என்றார். ஒரு தவணை முழுவதும் கைத்தாளத்துடன் குழுவின் நடுவே அமர்ந்திருந்தோம். அடுத்த தவணையிலே தாழ்ந்த சுருதியொன்றை வைத்து, ஓரடியை மாத்திரம் எமக்குக் கொடுத்தார்.

வேறொரு பாடசாலையிலே பயின்ற எமது நண்பர் ஒருவருக்கு அத்தகைய ஆசிரியர் வாய்க்கவில்லை. அதே வயதில், அதே பிழைக்காக, "இனி நீ பாடவேண்டாம்" என்ற ஒரு வாக்கியமே அவருக்குக் கிடைத்தது. நாற்பது ஆண்டுகளின் பின் கடல்கடந்த நகரொன்றில் அவருடைய தந்தையார் காலமானார். ஈமக்கிரியையிலே சுண்ணம் இடிக்கும் வேளை வந்தது. திருப்பொற்சுண்ணம் பாடுவதற்கு ஒருவரையும் காணோம். யாரோ கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை இயக்கினார். திருப்பொற்சுண்ணத்தின் 20 பாடல்களும் நண்பருக்கு மனப்பாடம். வாய் மாத்திரம் திறக்கவில்லை. இதனை அவரே எம்மிடம் சொல்லி வருந்தினார். சிறுவனொருவனை வரிசையினின்றும் விலக்குவது எத்துணை நீண்ட தண்டனை என்பதை அன்று உணர்ந்தோம்.

12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையிலே பெரும்பாலான சிறுவரின் குரல்வளை விரைந்து வளர்கின்றது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழிறங்குகின்றது. புதிய கருவியை ஆளும் பழக்கம் வரும்வரை குரல் பிளவுபடுதல் இயல்பே. அக்காலத்திலே அவனை மௌனமாக்காது, தாழ்ந்த இடங்களிலே மெல்லப் பாடவிட்டு, தாளம், சுருதிப்பெட்டி முதலியவற்றை அவன் கையிற் கொடுத்துக் குழுவினுள்ளேயே வைத்திருத்தல் வேண்டும். வளர்ந்தோர்க்கும் இது பொருந்தும். பல்லாண்டு பாடாதிருந்த ஒருவர் தமது பழைய சிறுபிராயக் குரலைத் தேடுதல் வீண். இன்றுள்ள குரலின் எல்லையை அறிந்து தொடங்குதலே முறை.

இனி, அச்சம் பாடுவோனை எங்ஙனம் கெடுக்கின்றது என்பதை நோக்குவாம். சபையின் முன் நிற்பவனுடைய இதயம் விரைந்து துடிக்கின்றது, வாய் உலர்கின்றது, மூச்சு வயிற்றளவிற் செல்லாது மார்பின் மேற்புறத்திலேயே நின்றுவிடுகின்றது, கழுத்துத் தசைகள் இறுகுகின்றன. இதனால் அவன் வழக்கத்திலும் உயர்ந்த சுருதியிலும், வழக்கத்திலும் விரைவாகவும் தொடங்கிவிடுகின்றான். ஆதலின் சுருதியை மனத்தின் நினைவுக்கு விட்டுவிடலாகாது. சுருதிப்பெட்டியிலே முன்னரே குறித்து வைத்தல் வேண்டும். வளர்ந்த ஆடவர் பெரும்பாலும் 1 கட்டைக்கும் 2 கட்டைக்கும் அண்மையிலும், பெண்களும் குரல் உடையாத சிறுவரும் 5 கட்டைக்கும் 6 கட்டைக்கும் அண்மையிலும் பாடுதல் வழக்கம். பாட்டின் தொடக்கம் எளிதாயிருப்பதைக் கண்டு சுருதி வைத்தல் பிழை. பாட்டின் உச்சியான இடத்தை முதலிலே பாடிப்பார்த்து, அங்கே தொண்டை இறுகாதபடி சுருதி அமைக்க வேண்டும். தனியாகப் பாடுவதற்கு ஏற்ற சுருதியிலும் சிறிது தாழ்த்தி வைத்தால் குழுவிலுள்ள பயிற்சியில்லாதவரும் உடன்வருவர்.

தொடங்கும் முறைக்கும் நம் மரபிலேயே ஓர் உதவியுண்டு. "திருச்சிற்றம்பலம்" என்று சொல்லித் தொடங்குகின்றோம் அன்றோ? அதனை அவசரமாகச் சொல்லிக் கடவாது, மூச்சை முழுவதும் வெளிவிட்டு, பின் ஆழ்ந்து உள்வாங்கி, சுருதியோடு நிறுத்திச் சொல்லுக. சபையின் செவியும் நம் தொண்டையும் அவ்வொரு சொல்லிலே இணங்கிவிடும். பின்னர் முதலடி தானாகவே இடம் பிடிக்கும்.

எந்தப் பாடலைத் தெரிவதென்பதும் முக்கியமானது. புதிதாகத் தொடங்குவோர் அப்பர் சுவாமிகளின் திருத்தாண்டகத்தை விரும்பி எடுப்பதுண்டு. அதன் அடிகள் நீண்டவை. தாளக்கட்டின்றித் தனியே விரித்துப் பாடப்படுவது. பயிற்சி முதிர்ந்தோர்க்கே அது ஏற்றது. அச்சுவாமிகளே பாடிய 5ஆம் திருமுறைத் திருக்குறுந்தொகையோ நான்கு சீரளவான அடிகளை உடையது. ஓரடி ஒரு மூச்சில் அடங்கும். பின்பாடுவோரும் எளிதிற் பற்றிக்கொள்வர். சிவபுராணம் 95 அடிகளைக் கொண்டது. அதன் தொடக்கத்திலே ஒரேவகையான முடிவுடைய வாழ்த்தடிகள் தொடர்ந்து வருதலால், நன்கறிந்தவரும் பதற்றத்தில் அடி மாறிவிடுவர். பொருளின் தொடர்ச்சியை அறிந்து மனனஞ் செய்தவருக்கு இவ்விடர் குறையும். புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதிலும் இழிவில்லை.

குழுவை நடத்துவோருக்குரிய முதற்கடமை பாடுதலன்று, கேட்டல். ஓரடியைத் தெளிவாகக் கொடுத்தபின், பின்பாட்டின் மேலே தம் குரலை ஏற்றாது, அது திரும்பி வரும்வரை காத்திருத்தல் வேண்டும். தலைவருடைய குரலே எப்பொழுதும் ஓங்கி ஒலிக்குமாயின் ஏனையோர் மெல்ல மெல்லக் கேட்போராய் மாறிவிடுவர். தயங்குபவரை உறுதியாகப் பாடும் இருவரின் நடுவே அமர்த்துக. பிழை நேர்ந்தால், "நீ பிழை" எனச் சுட்டாது, "இவ்வடியை மீண்டும் எல்லோரும் பாடுவோம்" என்க. சபையிலே தமக்கே பிழை நேருமாயின் நிறுத்தி மன்னிப்புக் கேட்டல் வேண்டா. ஆதார சட்சத்தைச் செவியிற் பிடித்துக்கொண்டு அடுத்த அடிக்குச் செல்லுக. சபை அதனை விரைவில் மறந்துவிடும்.

துணிவு படிப்படியாக வளர்வது. முதலிலே குழுவுடன் பாடுதல். அடுத்து ஓரடி கொடுத்தல். அதன்பின் ஒரு பாடலை நடத்துதல். இறுதியாக ஒருநாட் பிரார்த்தனை முழுவதையும் நடத்துதல். இதற்கேற்ற ஓர் ஒழுங்கும் நம்மிடம் உண்டு. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் ஐந்திலிருந்தும் பாடுதலைப் பஞ்சபுராணம் ஓதுதல் என்கின்றோம். இனிய குரலுடைய ஒரு மாணவனையே ஐந்தையும் பாடவிடுதல் பல பாடசாலைகளின் வழக்கம். பரிசளிப்பு விழாவுக்கு அது தகும். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையிலே ஐவருக்கு ஒவ்வொன்றாகப் பகிர்ந்தளித்தால், ஒரு தவணையில் 10 வெள்ளிக்கிழமைகள் வருமாயின், 50 மாணவர் முதலடி எடுத்துக் கொடுத்தவராவர். அவர்களுள் எல்லோரும் இசைவல்லுநராகார். ஆயினும், பிற்காலத்தில் ஒரு வீட்டிலோ கோயிலிலோ சுடலையிலோ தேவை நேரும்பொழுது ஒருவரேனும் வாய்திறப்பர்.

மார்கழியிலே திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன்னர் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க வீதிவழியே பாடிச்சென்ற குழுக்களை நம்மிற் பலர் நினைவுகூர்வர். இருட்டிலே யார் முகமும் தெரியாது. சுருதி வழுவினாலும் சிரிப்பாரில்லை. எத்தனையோ சிறுவருக்கு அவ்விருட்டே முதற்பள்ளியாயிற்று. அத்தகைய அச்சமற்ற இடமொன்றைப் பகலிலும் அமைத்துக் கொடுத்தல் ஆசிரியருக்கும் மூத்த மாணவருக்கும் உரிய பணியாகும்.

பழைய மாணவராகிய நாமும் இவ்விழாக் காலத்திலே ஒன்று செய்யலாம். அடுத்த கூட்டத்திலே "தேவாரம்" என்ற குரல் எழும்பொழுது ஒருவரையொருவர் பாராது, ஒருவர் எழுந்து தாழ்ந்த சுருதியிலே தொடங்குக. அருகே ஒரு மாணவன் நிற்பானாயின் இரண்டாம் பாடலை அவனிடம் கொடுக்க. அவன் குரல் நடுங்கினால் அவனோடு சேர்ந்து பாடுக. எமது ஆசிரியர் இன்று இல்லை. அவர் எமக்குத் தந்த அந்த ஓரடிக்கு நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு இதுவே. நம் கல்லூரி மண்டபத்திலே முதலடி எடுத்துக் கொடுப்போர் என்றும் குறையாதிருக்கத் திருவருள் துணைசெய்வதாக.