மின்சூளின் திருகுப்புரிக்கு எந்தக் கிறீஸ்?

2003 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14 ஆந் திகதி, பிற்பகல் நான்கு மணிக்குச் சற்றுப் பின்னர், ஒன்ராறியோவிலும் ஐக்கிய அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் மின்சாரம் தடைப்பட்டது. ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் அதனாற் பாதிக்கப்பட்டனர். சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடிகளில் மின்தூக்கிகள் நின்றன. பொழுது சாய்ந்ததும் நாம் இழுப்பறையிலிருந்த அலுமினிய மின்சூளைத் தேடி எடுத்தோம். ஊரில் ‘ரோச்’ என்று நாம் வழங்கிய அதே பொருள்தான். புதிய மின்கலங்கள் கையில் இருந்தன. ஆயினும் மூடி திரும்பவில்லை. துணி சுற்றித் திருகியும் பயனில்லை. மேல்மாடியில் தனித்திருந்த மூதாட்டி ஒருவருக்குத் தண்ணீர் கொண்டு செல்ல, இருண்ட படிக்கட்டில் மெழுகுதிரியுடன் ஏற நேர்ந்தது. ஒரு கடுகளவு கிறீஸ் இட்டிருந்தால் அந்த ஆபத்து நேர்ந்திராது.

மூடி இறுகுவது ஏன்? அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். அப்படலம் கடினமானது, அதன் கீழுள்ள உலோகமோ மென்மையானது. இரு புரிகள் உலர்ந்த நிலையில் உராயும்போது படலம் உரிந்து, உலோகம் உலோகத்துடன் ஒட்டிக்கொள்கிறது. உரிந்த துகள்கள் மணல்போல் நின்று புரியை மேலும் அரிக்கின்றன. பழைய கிறீஸ் கறுத்துக் காணப்படுவதற்கு இத்துகள்களும் ஒரு காரணமாகும். மின்கலம் கசிந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். காரமின்கலத்திலிருந்து வெளிப்படும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு அலுமினியத்தையே தின்றுவிடும்.

கிறீஸுக்கு இன்னொரு கடமையும் உண்டு. புரியின் அருகே இருக்கும் இறப்பர் வளையமே நீர் உட்புகாது காப்பது. அது உலர்ந்தால் வெடிக்கும், திருகும்போது கிழியும். ஆகவே நாம் தெரிவு செய்யும் பொருள் உலோகத்துக்கும் இறப்பருக்கும் ஒருங்கே பொருந்த வேண்டும்.

நம் வீடுகளில் முதலிற் கைக்கு வருவது தேங்காயெண்ணெய். அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழ் உறைந்துவிடும். ரொறன்ரோவின் மாரிகாலத்தில், காரினுள் வைத்த மின்சூளில் அது மெழுகாகிவிடும். நல்லெண்ணெய் நாட்படக் காற்றுடன் சேர்ந்து பிசினாகும். துருப்பிடித்த ஆணிகளுக்கு நாம் விசிறும் டபிள்யூடி-40 நீரை அகற்றுவதில் வல்லது. எனினும் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால் நீண்டகாலக் காப்புக்கு உதவாது. வசிலின் அவசரத்துக்கு உதவும். ஆனால் பெற்றோலியத்திலிருந்து பெறப்படுவதால் இயற்கை இறப்பரையும் ஈபிடிஎம் என்னும் இறப்பரையும் ஊதச் செய்யும். நைத்திரைல் இறப்பர் அதனைத் தாங்கும்.

இலங்கையின் போகல சுரங்கத்தில் விளையும் காரீயமும் சிறந்த உராய்வுநீக்கியே. பூட்டுகளுக்கு அது ஏற்றது. அலுமினியத்துக்கோ ஏற்றதன்று. ஈரம் பட்டால் காரீயமும் அலுமினியமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம்போலத் தொழிற்பட்டு அலுமினியத்தை அரிக்கும்.

எனவே பெரும்பாலான வீடுகளுக்கு உகந்தது சிலிக்கோன் கிறீஸ். தண்ணீர்க் குழாய்களின் வளையங்களுக்கென வன்பொருட் கடைகளில் இது சிறு குப்பிகளில் விற்கப்படுகிறது. கடுங்குளிரிலும் இளகியே இருக்கும். நைத்திரைல், ஈபிடிஎம் இரண்டுக்கும் தீங்கு செய்யாது. வளையமே சிலிக்கோன் இறப்பராயின் மட்டும் இதனைத் தவிர்த்தல் வேண்டும். இனம் இனத்தை ஊதச் செய்யும். மின்சூளுடன் வந்த குறிப்பேட்டில் வளையத்தின் வகை கூறப்பட்டிருப்பின் அதனையே பின்பற்றுக.

இடும் முறை எளிது. முதலில் மின்கலங்களை அகற்றுக. பழைய கிறீஸைத் துணியால் துடைத்து, எஞ்சியதை மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் நீக்குக, பெற்றோல் வேண்டாம். வளையத்தில் வெடிப்பு இருப்பின் மாற்றுக. பின்னர் கடுகளவு கிறீஸை எடுத்து வளையத்திலும் புரியிலும் மெல்லியதாகப் பூசுக. மூடியைச் சிலமுறை திருகித் திறந்து, வழிந்ததைத் துடைத்துவிடுக. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. பல மின்சூள்களில் உடலே மின்சாரம் செல்லும் வழியாகும். கிறீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. உடலின் விளிம்பும் மூடியும் தொடுமிடத்தில் அது தடித்துப் படிந்தால் ஒளி மினுங்கும். அவ்விடத்தைச் சுத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

ஆண்டுக்கு இருமுறை, கடிகாரத்தை மாற்றும் நாட்களில், பிள்ளைகளையும் அருகிருத்தி இதனைச் செய்யலாம். நெடுநாள் பயன்படுத்தாதபோது மின்கலங்களை வெளியே எடுத்து வைப்பது நன்று.

இவ்வளவு சிறிய காரியத்துக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் வினவலாம். 1990 இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இன்றி, மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாகிவிட, போத்தல் விளக்கொளியிற் படித்த தலைமுறை இங்கு பெற்றோராய் அமர்ந்திருக்கிறது. 2013 டிசெம்பரில் உறைமழைப் புயல் இந்நகரை இருளில் ஆழ்த்தியது. 2018 ஆகஸ்டில் பார்லிமென்ற் வீதி 650 ஆம் இலக்கத் தொடர்மாடியில் மூண்ட தீ, 1,500 இற்கு மேற்பட்ட எம் அயலவரை வெளியேற்றியது. வீடு திரும்ப அவர்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தனர். இருள் முன்னறிவித்தலின்றி வரும். அந்நேரத்தில் மூடி திறக்க வேண்டும். அவ்வளவே நாம் வேண்டுவது.