சராசரி மட்டும் போதுமா? ரப்பர் சொல்லும் தரக்கணக்கு

தரக்கட்டுப்பாடு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்கள் பலர் “தரமான பொருள் நாட்டின் பெருமை” என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கெடா பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டு தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் புகையில் காயவைத்த ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறத்தையும் குமிழியையும் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஒருவர் கண்ணுக்கு முதல் தரமானது இன்னொருவர் கண்ணுக்கு மூன்றாம் தரம். விற்பவர் எதை வைத்து வாதாடுவார்? 1965இல் மலேசியா எஸ்.எம்.ஆர். என்ற தரமுறையைக் கொண்டுவந்தது. அதன்பின் கட்டி ரப்பரிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். ரப்பரைக் கரைத்து 44 மைக்ரோன் சல்லடையில் வடிகட்டினால் மணலும் பட்டைத்தூளும் தங்கும்; அதுதான் ‘அழுக்கு’. எஸ்.எம்.ஆர். 20 என்றால் தொடக்கத்தில் 0.20 விழுக்காடு வரை அழுக்கு இருக்கலாம். 1991இல் வரம்பை இறுக்கினார்கள்: 20க்கு 0.16, 10க்கு 0.08.

இப்போது ஒரு பயிற்சிக் கணக்கு. எண்கள் நானே போட்டவை.

ஆலை அ: 0.05, 0.06, 0.05, 0.06, 0.05
ஆலை ஆ: 0.02, 0.09, 0.03, 0.10, 0.03

இரண்டுக்கும் சராசரி 0.054தான். ஆனால் எஸ்.எம்.ஆர். 10 வரம்பை ‘ஆ’ இருமுறை தாண்டிவிட்டது. சராசரி இதைக் காட்டாது, சிதறல்தான் காட்டும். கணிதப் பாடத்தில் ‘சிசிஹான் பியாவாய்’ என்று படித்தீர்களே, அதுதான் தமிழில் திட்ட விலக்கம். ‘அ’வுக்கு ஏறக்குறைய 0.005, ‘ஆ’வுக்கு 0.034.

அமெரிக்காவில் வால்டர் ஷூவர்ட் 1924 மே 16 அன்று ஒரு குறிப்பில் இதைப் படமாக வரைந்து காட்டினார். நடுவில் சராசரிக் கோடு. மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் எல்லைக் கோடுகள். ‘அ’வுக்கு மேல் எல்லை சுமார் 0.069, ‘ஆ’வுக்கு 0.155. (கற்க ஐந்து எண் போதும். ஆலையில் இருபதுக்கு மேல் மாதிரி சேர்ந்த பிறகே கோடு போடுவார்கள்.)

புள்ளிகள் எல்லைக்குள் ஏறி இறங்கினால் அது வேலையின் இயல்பான அசைவு. நேற்று 0.05, இன்று 0.06 என்றதும் பால் வெட்டினவரைக் கூப்பிட்டுத் திட்டுவதில் அர்த்தமே இல்லீங்க! புள்ளி எல்லையைத் தாண்டினாலோ, தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் ஒரே பக்கம் விழுந்தாலோதான் தனிக் காரணம் தேட வேண்டும்: கோப்பையில் மண்ணா, கழுவும் தொட்டியா, கிழிந்த சல்லடையா? எல்லைக்குள் இருந்தும் ‘ஆ’ மாதிரிச் சிதறினால், ஆளை மாற்றிப் பயனில்லை. வேலை முறையைத்தான் மாற்ற வேண்டும். இந்த வேறுபாட்டை எழுதும் மாணவரின் கட்டுரை தனித்து நிற்கும்.

ஆசிரியர்களே, வகுப்பில் செய்து பார்க்க: பள்ளிப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறது என்று 20 நாள் குறிக்கச் சொல்லுங்கள். மூன்று கோடுகளையும் மாணவர்களே போடட்டும். பிறகு, “எந்த நாளுக்கு டிரைவரிடம் காரணம் கேட்பது நியாயம்?” என்று கேளுங்கள்.