மதர்போர்டு வகுக்கும் எல்லை

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் இளைஞர்கள் விளையாட்டுக்கெனப் பயன்படுத்தும் மேசைக்கணினிகளில் பல, ஒரே நிறுவனத்தின் முத்திரையோடு பெட்டியில் வந்தவை அல்ல. மதர்போர்டு, புராசசர், ராம், எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என்று தனித்தனியே வாங்கிக் கடையில் பூட்டிக் கொடுக்கப்பட்ட 'அசெம்பிள்டு' கணினிகள். பாகம் பாகமாகச் சேர்ந்ததைப் பாகம் பாகமாகவே புதுப்பிக்கலாம் என்பது இவற்றின் பெரிய வசதி. ஆயினும் காக்குப்பத்திலோ மேல்பாக்கத்திலோ உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் படிக்கும் மாணவர் ஒருவர், சிறுகச் சிறுகச் சேர்த்த பத்துப் பதினைந்தாயிரம் ரூபாயோடு கடைக்குப் போனால், எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்றே முதலில் கேட்கிறார். அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. ஏற்கெனவே உள்ள மதர்போர்டு எதை ஏற்கும், பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். எவ்வளவு தாங்கும் என்பதே முதற்கேள்வி. பழைய கணினியைப் புதுப்பிப்பதில் எல்லையை வகுப்பவை, கையிலுள்ள பணத்தைவிட, இவ்விரண்டுமே ஆகும்.

விளையாட்டின் காட்சி, நொடிக்குப் பல தனிப் படங்களாக உருவாக்கப்பட்டுத் திரைக்கு வருகிறது. இவற்றைப் பிரேம் என்பர். சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் தடங்கலின்றி ஆட வேண்டுமானால் ஒவ்வொரு பிரேமும் ஏறக்குறைய 16.7 மில்லிநொடிக்குள் முடிந்தாக வேண்டும். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது என்பன போன்ற கணக்குகளைப் புராசசர் போட்டுக் கொடுக்க, அதை வண்ணமும் நிழலுமாகத் தீட்டும் வேலையை கிராபிக்ஸ் கார்டு செய்கிறது. இரண்டில் எது பிந்துகிறதோ அதன் வேகமே ஆட்டத்தின் வேகம். எது பிந்துகிறது என்பதை அறியச் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. வழக்கமான 1920×1080 என்ற திரை அளவை விளையாட்டின் அமைப்பில் 1280×720 ஆகக் குறைத்துப் பார்க்கும்போது பிரேம் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் குறை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. உயராமல் அப்படியே நின்றால் புராசசரோ ராமோதான் பிந்துகிறது, அந்நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த கார்டை வாங்கிப் பொருத்தினாலும் பெரிய பயன் இராது. இதைச் செய்யாமலேயே கார்டு வாங்கிவிடுவதுதான் மிகுதியாக நடக்கிறது.

சோதனைக்கு முன்பே தூசியைக் கவனிப்பது நல்லது. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் இப்பகுதியில், புராசசரின் மேலுள்ள ஹீட் சிங்கில் தூசி அடைந்து, இடையில் தடவிய தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருந்தால், வெப்பம் 100 டிகிரியை நெருங்கும்போது புராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய்ப் பேஸ்ட்டில் தீரக்கூடிய குறை புதிய புராசசர் வாங்க வைத்துவிடுகிறது. பஞ்சர் கடைக் காற்றழுத்த இயந்திரத்தால் ஊதிச் சுத்தம் செய்வோரும் உண்டு; அக்காற்றோடு ஈரமும் வருவதால் அவ்வழி உகந்ததன்று.

இனி மதர்போர்டு. புராசசர் அமரும் இடத்தைச் சாக்கெட் என்பர். அதன் வகைதான் கணினியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. இன்டெல் நிறுவனம் 2011இல் எல்ஜிஏ 1155, 2013இல் 1150, 2015இல் 1151 என்று சாக்கெட்டை அடிக்கடி மாற்றியதால், நான்காம் தலைமுறை ஐ5 பொருத்திய 2014ஆம் ஆண்டுக் கணினியில் அதே தலைமுறை ஐ7 அல்லது அதற்கிணையான ஜியான் புராசசருக்கு மேல் எதையும் பெரும்பாலும் பொருத்த இயலாது. அதில் பயன்படும் டிடிஆர்3 ராமும் அடுத்த கணினிக்கு உதவாது. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட்டின் கதை வேறு. 2017இல் முதல் ரைசன் புராசசர்களோடு பரவிய இச்சாக்கெட்டை அந்நிறுவனம் நெடுங்காலம் கைவிடவில்லை. அன்று மலிவாக வாங்கிய ஏ320 வகைப் போர்டிலேயே, உற்பத்தியாளர் அதற்கான பயாஸை வெளியிட்டிருந்தால், 2022இல் வந்த ரைசன் 5 5600 போன்ற புராசசரைப் பொருத்தலாம். ராமும் போர்டும் பழையவையாகவே இருக்க, ஒரே ஒரு பாகத்தை மாற்றிக் கணினியை ஐந்தாண்டு முன்னே நகர்த்துவது மற்றச் சாக்கெட்டுகளில் இவ்வளவு எளிதாகக் கிட்டுவது அரிது. ஆகவே குறைந்த பணத்தோடு இருப்பவர், தம் கணினி இவ்விரு குடும்பங்களுள் எதைச் சேர்ந்தது என்பதை அறிந்த பின்னரே வேறெதையும் எண்ண வேண்டும்.

பயாஸ் என்பது கணினி விழித்ததும் முதலில் இயங்கும், மதர்போர்டிலேயே பதிந்துள்ள சிறு மென்பொருள். அதைப் புதுப்பிக்காமல் புதிய புராசசரைப் பொருத்தினால் திரையில் ஒன்றும் தோன்றாது. ஆகவே பழைய புராசசரைக் கழற்றுவதற்கு முன்பே அதைப் புதுப்பித்துவிட வேண்டும். புதுப்பிக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் போய்விட்டால் போர்டே செயலிழக்கக்கூடும் என்பதால், யுபிஎஸ் இல்லாத வீட்டில் இதைச் செய்யத் துணியலாகாது.

மின்சாரத்தைப் பற்றிய பேச்சு இம்மாவட்டத்தில் வெறும் எச்சரிக்கை அன்று. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, விழுப்புரம் மாவட்டத்தில் பல ஊர்கள் இருளில் மூழ்கின. புயல் இல்லாத நாள்களிலும், போன மின்சாரம் திரும்பும் நொடியில் அழுத்தம் ஏறியிறங்குவதுண்டு. அதை முதலில் வாங்கிக்கொள்வது எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் இப்பெட்டி, மலிவுக் கேபினெட்டோடு சேர்ந்து வந்ததாக இருந்தால், மேலே 450 வாட் என்று அச்சிட்டிருப்பதை நம்ப இயலாது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தேவையான 12 வோல்ட் தடத்தில் எத்தனை ஆம்பியர் தருகிறது என்று ஒட்டுச்சீட்டில் பார்ப்பதே சரியான அளவுகோல். கண்ணுக்குத் தெரியாத பாகம் என்பதால் இதில் பணம் போட மனம் வராது என்றாலும், தரமான எஸ்.எம்.பி.எஸ். அடுத்த கணினிக்கும் கூடவே வரும். யுபிஎஸ்ஸிலும் ஒரு கணக்கு இருக்கிறது: பரவலாக விற்கும் 600 விஏ வகை பெரும்பாலும் 360 வாட் அளவுக்கே தாங்கும், பெரிய கார்டோடு ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது மின்சாரம் போனால் அது காக்காமல் தானும் அணைந்துவிடக்கூடும்.

இவற்றுக்குப் பிறகே கிராபிக்ஸ் கார்டு. மதர்போர்டில் அது அமரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம் 75 வாட் வரை மின்சாரம் தரும். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 ஆகியவற்றின் பல மாதிரிகள் அதற்குள் அடங்குவதால் தனி மின்கம்பி கேட்பதில்லை. 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600 இவற்றைவிட மிகவும் வல்லது என்றாலும், 132 வாட் வாங்கும் அதற்குத் தனிக் கம்பியும் நம்பத்தக்க எஸ்.எம்.பி.எஸ்ஸும் வேண்டும். இவற்றுக்கிடையே ஆசை காட்டுவது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 2022இல் மலிவுக் கார்டாக வந்த இது, மதர்போர்டோடு பேச நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள புதிய போர்டில் அது பெரிய குறையாகத் தெரியாது; தடத்துக்குப் பாதி வேகமே உள்ள 3.0 வகைப் பழைய போர்டில், நினைவகம் நிரம்பும் ஆட்டங்களில் தெளிவாகத் தடுமாறும். பணமில்லாதவரைக் குறிவைத்த கார்டு, பணமில்லாதவர் வைத்திருக்கும் போர்டில்தான் மோசமாக ஓடுகிறது என்பது விந்தையே.

புதிய கார்டுக்குப் பணம் போதாதபோது கண் போகும் இடம், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும். விழுப்புரத்திலிருந்து எழும்பூருக்கு ரயிலில் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். தவறான பொருளை வாங்கி வந்தால் திருப்பிக் கொடுக்க இன்னொரு நாள் கூலியும் பயணச் செலவும் ஆகும் என்பதால், சென்னைக்காரரைவிட இவ்வூர்க்காரர் கூடுதல் கவனத்தோடு வாங்க வேண்டியிருக்கிறது. எத்தீரியம் நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று, கிராபிக்ஸ் கார்டால் புதிய நாணயங்களைத் 'தோண்டி' எடுக்கும் முறையைக் கைவிட்டபின், அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன. அவை அனைத்தும் கெட்டவை அல்ல. விசிறி தேய்ந்திருக்கிறதா, அரைமணி நேரம் முழுச்சுமையில் ஓடியும் திரையில் புள்ளிகள் தோன்றாமல் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டால் போதும். பெயர் மாற்றி விற்கப்படுவனவே பெரிய ஆபத்து. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் இரு கார்டுகள் உலவுகின்றன: உண்மையானதில் 2304 கணிப்பு அலகுகள் இருக்க, 2018இல் சீனச் சந்தைக்காக வந்த மற்றொன்றில் 2048 மட்டுமே உள்ளன. பழைய கார்டின் பயாஸைத் திருத்தி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும் போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வெளிப்படும்.

ராம், எஸ்எஸ்டி பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. கடைக்காரர் ஒற்றை 8 ஜிபி ராம் போட்டிருந்தால், அதே வகையில் இன்னொன்றைச் சேர்க்கும்போது கொள்ளளவோடு புராசசருக்குத் தரவு போகும் பாதையும் இரட்டிக்கிறது. தனிக் கார்டு இல்லாமல் ரைசன் 5 3400ஜி போன்ற புராசசரின் உட்பொதிந்த கிராபிக்ஸை நம்பியிருப்போருக்கு இதுவே மிகச் சிறந்த செலவு. ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் ஆட்டம் திறக்கும் நேரம் குறையும், பிரேம் எண்ணிக்கை பெரும்பாலும் ஏறாது. ஆனால் சைபர்பங்க் 2077, ஸ்டார்ஃபீல்டு போன்றவை எஸ்எஸ்டியைக் கட்டாயத் தேவையாகவே குறிப்பிடுகின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறி, கிரூசியல் என்ற தன் நுகர்வோர் வணிகத்தையே விட்டு விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. ஆகவே கையிலுள்ள டிடிஆர்4 ராமைத் தூக்கிப் போடாமல் புதுப்பிக்கும் ஏஎம்4 வழிக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

நான்காம் தலைமுறை இன்டெல் கணினி வைத்திருப்போரின் நிலை கடினமானது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பையும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் புராசசரையும் கேட்கிறது. அவர்களுக்குச் சிக்கனமான வழி, அலுவலகங்கள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்ற கணினி ஒன்றை வாங்கி, தம் எஸ்எஸ்டியையும் கார்டையும் அதற்கு மாற்றிக்கொள்வதே. இவற்றின் மின் இணைப்பிகள் பெரும்பாலும் நிறுவனத்துக்கே உரியவை என்பதால் எஸ்.எம்.பி.எஸ்ஸை எளிதில் மாற்ற இயலாது. 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டே பொருந்தும், ஒடுக்கமான கேபினெட்டாயின் உயரம் குறைந்த கார்டாகவும் இருக்க வேண்டும். அதற்கும் பணமில்லையெனில் பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி, வால்வ் நிறுவனத்தின் புரோட்டான் வழியாகப் பல விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டலாம். கவுன்டர்-ஸ்டிரைக் 2 லினக்ஸிலேயே நேரடியாக ஓடும். வேலரன்ட் ஆடுவோருக்கோ இவ்வழி அடைபட்டது; அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் இயங்குவதில்லை, விண்டோஸ் 11இலோ அது டிபிஎம் 2.0ஐக் கேட்கிறது.