ஜாமீன் கையெழுத்து: மறுப்பது அன்பின்மை ஆகுமா?

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் நேரம். சபையில் பல ஆண்டுகள் பழகிய சகோதரர் ஒருவர் அருகில் வருகிறார். வேலைக்குப் போகும் மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும். கடனுக்கு எல்லாம் தயார், ஒரு ஜாமீன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "சும்மா பேருக்குத்தான் அண்ணே, மாசா மாசம் நான் கட்டிடுவேன்" என்கிறார்.

கேட்கப்பட்டவருக்குத் தர்மசங்கடம். கையெழுத்துப் போட்டால் வீட்டில் மனைவியிடம் என்ன சொல்வது? மறுத்தால், "இவரெல்லாம் ஒரு கிறிஸ்தவரா?" என்ற பேச்சு வருமே? தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து, சபையையே சொந்தபந்தமாக எண்ணி வாழும் குடும்பங்களுக்கு இந்தச் சங்கடம் மிகவும் பெரிது.

இதைப் பற்றி வேதாகமம் வெளிப்படையாகவே பேசுகிறது. பிறருக்காக ஜாமீன் நிற்பதை நீதிமொழிகள் பல இடங்களில் எச்சரிக்கிறது. கட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லாதவன் ஜாமீன் நின்றால், அவன் படுத்திருக்கும் படுக்கையும் பறிபோகும் என்கிறது 22ஆம் அதிகாரம். ஏற்கெனவே சிக்கிக்கொண்டவனுக்கு 6ஆம் அதிகாரம் வழி சொல்கிறது: கௌரவம் பார்க்காதே, தூங்காதே, உடனே போய் வருந்திக் கேட்டு உன்னை விடுவித்துக்கொள்.

அப்படியானால் கேட்கிறவனுக்குக் கொடு, கடன் கேட்பவனுக்கு முகம் திருப்பாதே என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னது என்ன ஆவது? இரண்டும் மோதுவதுபோல் தோன்றினாலும் மோதவில்லை. இயேசு சொன்னது கையில் இருப்பதைக் கொடுப்பதைப் பற்றி. நீதிமொழிகள் எச்சரிப்பது கையில் இல்லாததைத் தருவதாக வாக்குக் கொடுப்பதைப் பற்றி. முதலாவது ஈகை. இரண்டாவது, தன் பிள்ளைகளின் சாப்பாட்டை அவர்களுக்குத் தெரியாமலேயே அடகு வைப்பது.

சட்டத்தின் பார்வையிலும் 'சும்மா பேருக்கு' என்று ஒரு ஜாமீன் கிடையாது. 1950ஆம் ஆண்டின் மலேசிய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடப்படாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் நிற்பவருக்கும் உண்டு. 2017இல் திவால் சட்டம் திருத்தப்பட்டபோது ஒரு பாதுகாப்பு வந்தது. இலாப நோக்கமின்றி கல்விக் கடன், சொந்தப் பயன்பாட்டு வாகனம், குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்கு ஜாமீன் நின்றவர்களை இனித் திவாலாக்க முடியாது. ஆனால் திவால் ஆகாது என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது. பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம். தனிநபர் கடனுக்கும் தொழில் கடனுக்கும் ஜாமீன் நின்றவர்களுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஜாமீன் நிற்பதே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. வேதாகமத்திலேயே மனமுவந்து பொறுப்பேற்ற ஒருவர் இருக்கிறார். ஒநேசிமு என்ற அடிமை தன் எஜமானிடமிருந்து பிரிந்து போயிருந்தான். அவனைத் திருப்பி அனுப்பும்போது, சிறையிலிருந்த பவுல் பிலேமோனுக்குக் கடிதம் எழுதினார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் வைக்கும்படி கேட்டார். அதைத் தம் கையாலேயே எழுதினார். அந்தக் கடிதம் பிலேமோனுக்கு மட்டுமல்ல, அவர் வீட்டில் கூடிய சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஆகவே அது ஒளிவுமறைவான கையெழுத்து அல்ல. 'அவன் கட்டிவிடுவான்' என்று பவுல் சொல்லவில்லை, 'நான் கட்டுகிறேன்' என்றார்.

ஜாமீனுக்கு உரிய அளவுகோல் இதுதான். நாளைக்கே முழுப் பணத்தையும் கட்டச் சொன்னால், குடும்பம் தெருவுக்கு வராமல் கட்ட முடியுமா? முடியும், மனைவிக்கும் தெரியும், அவருக்கும் சம்மதம் என்றால் கையெழுத்துப் போடலாம். முடியாது என்றால் 'இல்லை' என்று நேராகச் சொல்வதே உண்மை. கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவரும், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேசச் சொன்னவரும் இயேசுவே.

ஆனால் 'இல்லை' என்பதோடு விஷயம் முடிந்துவிடக் கூடாது. எல்லாரும் கைவிரித்தால் அந்தச் சகோதரர் வட்டி முதலையின் வாசலுக்குப் போகக்கூடும். அவர் என்ன கடன் வாங்குகிறார், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கூட உட்கார்ந்து கணக்குப் போடலாம். பழைய மோட்டார் சைக்கிள் போதுமா என்று பார்க்கலாம். முன்பணத்துக்கு 200 வெள்ளியோ 300 வெள்ளியோ, திரும்பி வராது என்ற எண்ணத்தோடு கொடுக்கலாம். உரிமம் பெற்ற வட்டிக்கடையில்கூட, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதை எடுத்துச் சொல்லலாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு, கடன் வாங்கியவர் கட்டாமல் விட்டிருந்தால், நீதிமொழிகள் சொல்வதுபோல் அன்றே எழ வேண்டும். வரும் கடிதங்களைப் பிரிக்காமல் அலமாரியில் போடுவதுதான் பெரிய ஆபத்து. முதலில் கடன் வாங்கியவரை நேரில் பாருங்கள். பிறகு வங்கியிடம் பேசுங்கள். வங்கிக் கடன் சிக்கல்களுக்கு, 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம் இலவசமாகவே ஆலோசனை தருகிறது.

சபைகளுக்கும் இதில் பங்கு உண்டு. பஞ்ச காலத்தில் தானியத்துக்காக ஏழைகள் வயலையும் வீட்டையும் அடகு வைத்தபோது, நெகேமியா அதைத் தனிப்பட்ட குடும்ப விவகாரம் என்று விட்டுவிடவில்லை. பெரியவர்களைக் கூட்டி, அடகு பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். இன்றைய போதகரும் மூப்பர்களும் கடனைப் பற்றிச் சபையில் வெளிப்படையாகப் பேசினால், பலரது வெட்கம் குறையும். சிறிய உதவி நிதி ஒன்று இருந்தால், ஒரே ஒருவரின் தோளில் முழுச் சுமையும் விழாது.

தேநீர் நேரத்தில் நீட்டப்படும் படிவத்துக்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டியதில்லை. "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் தம்பி" என்று அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அன்று இரவு கணவனும் மனைவியும் அதை ஒருமுறை முழுதாகப் படித்தாலே போதும். எதைக் கொடுக்க முடியும், எதைக் கொடுக்க முடியாது என்பது தெரிந்துவிடும்.