தவணை நாளைக் கணக்கிடும் முறை



“ஐந்து வேலை நாட்களில் விதை கிடைக்கும்” என்ற சொல்லை நம்பி, நுவரெலியாவிலோ ஹட்டனிலோ பாத்தியைத் தயார் செய்து கூலியாட்களையும் அமர்த்திவிடுகிறோம். இடையே விடுமுறை வந்துவிட்டால் கூலி வீணாகிறது. நாட்களை விரலால் எண்ணாமல் விரிதாளைக் கொண்டு கணக்கிடுதல் நலம். கணினியிலேனும் கைப்பேசியிலேனும் இதனைச் செய்யலாம்.

இதற்குரிய சூத்திரம் ‘வொர்க்டே.இன்டல்’ என்பதாகும். அதற்கு நான்கு விவரங்கள் தேவை: தொடக்க நாள், வேலை நாட்களின் தொகை, வார ஓய்வைக் குறிக்கும் எண், விடுமுறைப் பட்டியல். சனியும் ஞாயிறும் ஓய்வாயின் 1 என்றும், ஞாயிறு மட்டும் ஓய்வாயின் 11 என்றும் எழுதுக. விடுமுறைத் தேதிகளைத் தனிப் பத்தியில் வரிசையாக இடுக. அவை தேதியாகவே பதிவாதல் வேண்டும். வெறும் எழுத்தாக நின்றால் கணக்குப் பிழைபடும்.

உதாரணமாக, 2025 மே 9, வெள்ளிக்கிழமை கட்டளை கொடுத்ததாகக் கொள்வோம். தொடக்க நாள் கணக்கில் சேராது. சனி, ஞாயிறை மட்டும் நீக்கினால் ஐந்தாம் வேலை நாள் மே 16. ஆனால் அவ்வாண்டு மே 12, 13 ஆகிய இரு நாட்களும் வெசாக் விடுமுறை. அவற்றையும் நீக்கினால் மே 20 ஆகிறது. சனிக்கிழமையும் வேலை செய்யும் இடமாயின் மே 17. ஆகவே, விதை கொடுப்போரின் ஓய்வு நாள் எது என்பதை முதலில் கேட்டறிதல் அவசியம்.

1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறுக்குப் பதிலாகப் போயா தினமும் அதற்கு முந்திய தினமுமே வார விடுமுறையாக இருந்தன. சந்திரனைப் பின்பற்றிய அவ்விடுமுறை கிழமை மாறி மாறி வந்தது. அத்தகைய முறைக்கு ஓய்வு எண்ணுக்குப் பதிலாக, மேற்கோள் குறிகளுக்குள் ஏழு சுழியங்களை இட்டு, ஓய்வு நாட்கள் யாவற்றையும் பட்டியலில் சேர்த்தல் வேண்டும். பௌர்ணமிப் போயா இன்றும் விடுமுறையே. அதன் தேதி ஆண்டுதோறும் மாறுவதால், ஒவ்வோர் ஆண்டும் பட்டியலைப் புதுப்பித்துக் கொள்க.

ஓர் எச்சரிக்கை: பூச்சிமருந்து தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்கும் நாட்களுக்கு இச்சூத்திரம் பொருந்தாது. பயிருக்கும் நஞ்சுக்கும் விடுமுறை இல்லை. மருந்துச் சீட்டில் 14 நாள் என்றிருப்பின், தெளித்த தேதியோடு 14-ஐ நேரே கூட்டுக. மே 9-இல் தெளித்தால், மே 23-க்கு முன் கோவாவை வெட்டலாகாது. உண்போர் உடல்நலம் இக்கணக்கில் அடங்கியுள்ளது.