கேத்தலுக்குப் போய்ச் சேராத மின்சாரம்

தன்னாமுனையில், திருகோணமலை வீதியோரமாக வாப்பாவுக்கு ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. தேநீர் ஊற்றுவது முன்னால். தண்ணீர் கொதிப்பது பின்னால், வாவிப் பக்கமாக உள்ள கிடுகுக் கொட்டிலில். கடைச் சுவரிலுள்ள பிளக்கிலிருந்து கொட்டில் வரை 25 மீற்றர் வயர் ஓடுகிறது. நீளம் போதாததால் நடுவில் இரண்டு துண்டுகளை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். 2022 இல் எரிவாயு கிடைக்காதபோது செய்த ஏற்பாடு அது. (அந்த நாட்களில் கரண்ட்டும் இருக்கவில்லை என்பது வேறு கதை.)

“கேத்தல் பழசாப் போச்சு மகள். தண்ணி கொதிக்கச் சுணங்குது. மூவாயிரம் வாற்றில ஒண்டு வாங்கணும்” என்றார் வாப்பா. நான் அப்போது பௌதிகவியலில் மின்னோட்டவியல் படித்துக்கொண்டிருந்தேன். வாங்குவதற்கு முன் கணக்கைப் பார்ப்போம் என்றேன்.

சாதாரண தரத்திலேயே நாம் படித்தவை இரண்டு. அழுத்த வித்தியாசத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை. இரண்டையும் பெருக்கினால் வலு. முதலாவது, 1827 இல் ஜோர்ஜ் சைமன் ஓம் என்ற ஜேர்மனிய ஆசிரியர் வெளியிட்ட விதியோடு சேர்ந்தது. இந்த இரண்டையும் இணைத்தால் மூன்றாவதொன்று வரும்: அழுத்த வித்தியாசத்தின் வர்க்கத்தை வலுவால் வகுத்தாலும் தடைதான்.

கேத்தலின் அடியில் 230 வோல்ற்று, 2000 வாற்று என்று இருந்தது. 230 இன் வர்க்கம் 52,900. அதை 2000 ஆல் வகுக்க ஏறத்தாழ 26.5 ஓம். கேத்தலைக் கழற்றி எடுத்துப் பல்மானியால் அளந்தபோதும் அதே அளவுதான் காட்டியது. அப்படியானால் கேத்தலில் பிழையில்லை. (இந்த முறையை இழை மின்குமிழில் செய்து பார்த்து ஏமாற வேண்டாம். 60 வாற்றுக் குமிழின் தடை கணக்குப்படி 882 ஓம். குளிர்ந்த நிலையில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தங்குதன் இழை சூடாகும்போது தடை பெருகுகிறது. கேத்தலில் உள்ள நைக்குரோம் அவ்வளவு மாறுவதில்லை.)

அடுத்த அளவை நான் எடுக்கவில்லை. 230 வோல்ற்று ஓடும் இடத்தில் பாடசாலைப் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. மின்வேலை செய்யும் மாமா ஒருவர் அளந்து சொன்னார். கேத்தல் கொதிக்கும்போது கடைச் சுவரில் 228 வோல்ற்று, கொட்டிலில் 210 வோல்ற்று.

மீதி 18 வோல்ற்று எங்கே?

210 ஐ 26.5 ஆல் வகுக்க 7.9 அம்பியர். வயரும் கேத்தலும் தொடராக இருப்பதால் வயரிலும் அதே 7.9 அம்பியர்தான். 18 ஐ 7.9 ஆல் வகுக்க 2.28 ஓம். ஆக, 2000 வாற்றுக் கேத்தலுக்குக் கிடைத்தது 210 × 7.9, அதாவது ஏறத்தாழ 1660 வாற்று. வழியில் வீணானது 18 × 7.9, ஏறத்தாழ 142 வாற்று.

அந்த 2.28 ஓமும் வயருடையதா? அது மின்குமிழுக்குப் போடும் மெல்லிய வயர். குறுக்குவெட்டுப் பரப்பு 0.5 சதுர மில்லிமீற்றர். போக 25, வர 25 என்று 50 மீற்றர் செம்பு. செம்பின் தடைத்திறனை வைத்துக் கணித்தால் 1.72 ஓம்தான் வருகிறது. 0.56 ஓம் மிச்சம். பிளக்கைத் தொட்டுப் பார்த்தோம், சூடில்லை. அப்படியென்றால் அந்த மிச்சத்தின் பெரும்பகுதி மூட்டில்தான்.

மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பமாகும் வலு வரும். 7.9 × 7.9 × 0.56, ஏறத்தாழ 35 வாற்று. வயரில் இதைவிடக் கூடுதலாக, 107 வாற்று வீணாகிறது. ஆனால் அது 50 மீற்றரில் பரவி, மீற்றருக்கு 2 வாற்றளவில் இருக்கிறது. மூட்டிலோ பெருவிரல் நீளத்துக்குள் 35 வாற்று. ஈயம் உருக்கும் சிறிய சோல்டரிங் அயனின் வலுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு மேலே கிடுகு.

வாப்பா நினைத்த 3000 வாற்றுக் கேத்தலை வாங்கியிருந்தால்? அதன் தடை 17.6 ஓம். வழியில் உள்ள 2.28 ஓமையும் கூட்டினால் மின்னோட்டம் ஏறத்தாழ 11.5 அம்பியராகும். மூட்டில் 74 வாற்று! மின்னோட்டம் ஒன்றரை மடங்குதான் கூடியது, வெப்பமோ இரண்டு மடங்குக்கு மேல். வர்க்கம் செய்யும் வேலை இது.

“அப்படியெண்டா ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்குமே?” என்று வாப்பா கேட்டார். நல்ல கேள்வி, நானும் மாமாவிடம்தான் அறிந்துகொண்டேன். ட்ரிப் சுவிட்ச், போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வராமல் கசியும்போதுதான் விழும். பிளக்கிலுள்ள 13 அம்பியர் உருகி, மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால்தான் உருகும். கெட்டுப்போன மூட்டு இரண்டையும் செய்வதில்லை. மின்னோட்டத்தைச் சற்றுக் குறைக்கிறது, அமைதியாகச் சூடாகிறது. அந்த மெல்லிய வயர் தாங்கக்கூடியது 3 அம்பியர்தான் என்பதும் உருகிக்குத் தெரியாது.

இதே வர்க்கத்துக்குப் பயந்துதான் மலைநாட்டு மின்சாரத்தை 132,000 வோல்ற்றில் அனுப்புகிறார்கள். அதே வலுவை 230 வோல்ற்றில் அனுப்பினால் மின்னோட்டம் 574 மடங்காகிவிடும். அதன் வர்க்கத்தை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

மாமா டேப்பை உரித்தார். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் சவுக்கடிக் கடல். இந்த உப்புக் காற்றுக்கு முறுக்கிய கம்பி எத்தனை நாள் தாங்கும்? டேப்பின் உட்புறம் கருகி, தொட்டதும் உதிர்ந்தது.

இப்போது மூட்டில்லாத 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் ஓடுகிறது. இழப்பு 3 வோல்ற்று. கேத்தலுக்கு 1900 வாற்று. ஒரு கேத்தல் தண்ணீர் முன்பைவிட ஏறத்தாழ 40 செக்கன் முந்திக் கொதிக்கிறது.

“நாப்பது செக்கனுக்கா இவ்வளவு காசு?” என்று வாப்பா சிரித்தார். ஆனாலும் கருகிய அந்தத் துண்டை எறிய விடவில்லை. காசு மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறார்.